இரண்டாமவரும் எங்கள் வெட்டு நாட்களும்

படைத் தளபதியைக் கண்டவர்கள் திருகோணமலையில் ஆயிரம் பேர் இருப்பார்கள். கொடியேற்ற வருவார், புதுக் கட்டடத்துக்கு றிபன் வெட்ட வருவார், கைகுலுக்கிப் படம் எடுப்பார்கள். நாங்கள் வெயிலில் வரிசையாக நின்று வியர்ப்போம். நான் எழுத உட்கார்ந்தது அவரைப் பற்றி அல்ல, அவருக்கு அடுத்த ஆளைப் பற்றி. நாட்டின் படைத்துறையிலே இரண்டாவது பெரிய பதவியில் இருந்த ஒரு மனிதருக்குப் பக்கத்தில், இரண்டு முழத் தூரத்தில், மூன்று நாள் உட்கார்ந்து வேலை செய்திருக்கிறேன். அவருடைய பெயரைச் சொல்லப் போவதில்லை. நாங்களும் அப்போது சொன்னதில்லை. எங்களுக்கு அவர் 'இரண்டாமவர்'.

அந்த நாளில் நான் துறைமுகத்துக்கு உள்ளே, படைத்துறைக்குக் கீழே இருந்த ஒரு சிவில் கந்தோரில், அதாவது அலுவலகத்தில், தட்டெழுத்தாளன். கந்தோரின் பெயரையும் எழுத மாட்டேன். அங்கே வேலை செய்தவர்கள் இன்றைக்கும் சந்தையில் என்னைக் கண்டால் நின்று கதைக்கிறார்கள். அதைக் கெடுத்துக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. என்னைப் பற்றி ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று என் மனைவி சொல்வாள். அது பிழை. மூக்கு நுனியில் வந்து நிற்க அதற்குப் பொறுமை கிடையாது.

கந்தோரில் நிரந்தரமில்லாத ஆட்கள் நாற்பத்தொரு பேர் இருந்தோம். படகோட்டிகள், சாயம் பூசுகிறவர்கள், தண்ணீர் பம்ப் பார்க்கிறவர், கூட்டுகிறவர்கள், அவர்களோடு நான். எங்களுக்கு அன்றாடச் சம்பளம்; வேலைக்கு வராத நாளுக்கு ஒன்றும் இல்லை. ஐந்து வருடம் இடைவிடாமல் வேலை செய்த ஆளை நிரந்தரமாக்க வேண்டும் என்று விதி ஒன்று இருந்தது. விதி இருந்தால் அதைச் சுற்றிப் போக ஒரு சந்து ஒழுங்கையும் இருக்கும்தானே. ஒவ்வொரு ஆறு மாதமும் முடிவதற்கு முன்னால் எங்களை ஒரே ஒரு நாள் வேலையிலிருந்து நிறுத்துவார்கள். கேற்றில் பாஸைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டும். அடுத்த நாள் புது ஆளாகத் திரும்பவும் சேர்ப்பார்கள். இடையில் ஒரு நாள் விட்டுப்போனதால் ஐந்து வருடம் மறுபடி முதலில் இருந்து தொடங்கும். அந்த ஒரு நாளுக்கு நாங்கள் வைத்த பெயர் 'வெட்டு நாள்'.

ஏழு வருடத்தில் பதினான்கு தடவை நான் புது ஆளாகச் சேர்ந்திருக்கிறேன். கல்யாணம் கட்டினவன்கூட ஒரு தரம்தான் புது மாப்பிள்ளை.

யாருக்கு எந்த நாளில் வெட்டு என்று தீர்மானிக்க வேண்டியவர் எங்கள் மேலதிகாரி. ஓர்ஸ் ஹில்லில் பங்களா, கறுத்தக் குடை, எதற்கும் பயப்படுகிற மனிதர். நான் சேர்ந்த புதிதிலேயே அவர் அந்த வேலையை என் மேசைக்குத் தள்ளிவிட்டார். "ஆறு மாசத்துக்குள்ள ஏதாவதொரு திகதியைப் போடும். நான் கையெழுத்து வைக்கிறன்" என்றார். நான் முதலில் கண்ட கண்ட நாளைப் போட்டேன். அடுத்த நாளே பம்ப் அறைக் காக்கா வந்து என் மேசைக்கு முன்னால் நின்றார்.

கிண்ணியாவில் இருந்து நாள்தோறும் துறை கடந்து வேலைக்கு வருகிற முஸ்லிம் மனிதர் அவர்; அங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள். ஐம்பது தாண்டிய வயது. அவர் பம்பைத் திறக்காவிட்டால் உத்தியோகத்தர் விடுதிகளில் ஒருவருக்கும் முகம் கழுவத் தண்ணீர் இராது.

"தம்பி, வெட்டுறதுதான் வெட்டுறீங்க, பெருநாளையில வெட்டுங்களன். எப்படியும் அண்டைக்கு நான் வர மாட்டன். எனக்கு ஒரு நாள் சம்பளம் மிஞ்சும்."

அட, இது எனக்கு ஏன் தோன்றவில்லை! முதல் பட்டியலைக் கிழித்துப் போட்டேன்; அன்று தொடங்கியது என் கைங்கரியம். கிண்ணியா, மூதூர் ஆட்களுக்கு ஹஜ்ஜுப் பெருநாளிலோ நோன்புப் பெருநாளிலோ வெட்டு. நிலாவெளிப் பக்கத்து சைவ ஆட்களுக்கு தைப்பொங்கல், தீபாவளி. வேதக்காரரான கிறிஸ்தவர்களுக்குப் பெரிய வெள்ளி, நத்தார். ஆறு மாதத்துக்குள் பெருநாள் அகப்படாவிட்டால் பக்கத்தில் வருகிற ஏதாவதொரு அரசாங்க விடுமுறையில் போடுவேன். ஞாயிற்றுக்கிழமையை வேலை நாளாக்கி, பௌத்தரின் போயா என்ற நிலாநாளையும் அதற்கு முதல் நாளையும் வார விடுமுறையாக்கி வைத்திருந்த காலம் வந்தபோது எனக்கு இன்னும் வசதியாகப் போயிற்று. மாதத்துக்கு நான்கு போயா. மேலதிகாரி வாசிக்காமலே கையெழுத்து வைத்தார். வெட்டும் நடந்தது, ஒருவருக்கும் ஒன்றும் குறையவில்லை. நான் பெரிய கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டு திரிந்தேன்.

இப்படி இருக்கும்போதுதான் கொழும்பிலிருந்து அந்தக் கட்டளை வந்தது. ஐந்து வருட இடைவிடாத சேவை இல்லாத எல்லாரையும் மாத முடிவில் நிறுத்த வேண்டும். அதற்கு முன் இரண்டாமவர் நேரில் வந்து பட்டியலைச் சரிபார்ப்பார். கடிதத்தைப் பிரித்து வாசித்த முதல் ஆள் நான்தான். உடனே பட்டியலை எடுத்துப் பார்த்தேன். எங்கள் பட்டியலின்படி ஒருவருக்கும் ஆறு மாதச் சேவைகூட இல்லை. நாற்பத்தொரு பேரும் போக வேண்டியதுதான்.

"பெரியவர் வந்தா றிபன் வெட்டுவார். ரெண்டாமவர் வந்தா ஆளை வெட்டுவார்" என்றான் ஒரு படகோட்டி. எல்லாரும் சிரித்தார்கள்.

காக்கா மட்டும் என்னிடம் தனியாக வந்தார். "எனக்கு அம்பத்திரண்டு வயசு தம்பி. இனி என்னை ஆர் எடுப்பாங்க?" என்று கேட்டார். என் வீட்டிலும் அதே கேள்விதான். பாலையூற்றில் ஒரு சின்ன வாடகை வீட்டில் இருந்தோம். மனைவிக்கு ஆறாம் மாதம், முதல் பிள்ளை.

"இஞ்சாருங்கோ, வாற ஆளோட வாயைக் காட்டிப்போட்டு வந்து நிக்காதேங்கோ" என்றாள் அவள்.

"நான் ஏன் அவரோட கதைக்கிறன்? நான் வெறும் ரைப்பிஸ்ற்."

"வெறும் ரைப்பிஸ்றுக்குத்தானே இவ்வளவு வாய்" என்றாள்.

இரண்டாமவர் சீனன்குடா விமானத்தளத்தில் வந்து இறங்கினார். பாண்ட் வாத்தியம் இல்லை. என்னைவிடக் குள்ளம், தடித்த கண்ணாடி, வெள்ளை உடுப்பில் ஒரு சுருக்கமும் இல்லை. அவரோடு வந்த தட்டெழுத்தாளர் அன்றிரவே உத்தியோகத்தர் விருந்தில் நண்டுக் கறியை ஒரு கை பார்த்திருக்கிறார். விடிய எழும்ப ஏலாமல் வயிற்றோட்டத்தோடு படுத்துவிட்டார். அந்த நண்டுக்கு நான் இன்றைக்கும் நன்றியுள்ளவன். தட்டச்சுத் தெரிந்த ஆள் உடனே வேண்டும் என்று கந்தோர் முழுக்க ஓடித் திரிந்து கடைசியில் என்னைப் பிடித்தார்கள்.

எங்கள் கந்தோரில் பெரிய கதிரை ஒன்று இருந்தது. முதுகு உயரமானது, தளபதி வந்தால் மட்டும் தூசு தட்டி வெளியே எடுப்பது. மேலதிகாரி அதை எடுத்துப் போட்டு வைத்திருந்தார். இரண்டாமவர் அதைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருந்த சாதாரணப் பிரம்புக் கதிரையை இழுத்து உட்கார்ந்தார்.

அவர் ஆங்கிலத்தில்தான் பேசினார். நான் எங்கள் பேச்சில் எழுதுகிறேன். "அது அவருடைய கதிரை. அதில இருந்து பழகினால் பிறகு எழும்ப மனம் வராது" என்றார். மேலதிகாரி சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் இருமினார்.

முதல் இரண்டு நாளும் அவர் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். நாட்டின் இரண்டாவது பெரிய படை அதிகாரி என்ன எழுதுவார்? பீரங்கி, கப்பல், எதிரி என்று நான் எதிர்பார்த்தேன். பூட்ஸ் தோல் மழைக்கு வெடிக்கிறது என்று ஒரு கடிதம். ஏதோ ஒரு முகாமில் கிணற்றுக்கு மூடி போடச் சொல்லி ஒன்று. மீனவர் வலை காயப்போடும் இடத்தில் வேலி அடித்துவிட்டார்கள், அதைப் பிடுங்கச் சொல்லி ஒன்று. விபத்தில் இறந்துபோன ஒரு சிப்பாயின் தாய்க்கு ஒன்று. அந்தத் தாய்க்கு எழுதியதை மட்டும் மூன்று தரம் மாற்றி அடிக்கச் சொன்னார். மூன்றாம் தரம் எனக்குச் சினம் வந்துவிட்டது, பல்லைக் கடித்துக்கொண்டு அடித்தேன். அடித்து முடித்து வாசித்துப் பார்த்தேன். முதல் இரண்டும் அரசாங்கக் கடிதம்; மூன்றாவது ஒரு மனிதன் எழுதியது.

எல்லாக் கடிதத்துக்கும் கீழே தளபதியின் பெயரையே அடிக்கச் சொன்னார். இரண்டாம் நாள் தேநீர் வேளையில் என் வாய் சும்மா இருக்கவில்லை.

"சேர், எல்லாத்தையும் நீங்கள்தான் எழுதுறீங்கள். கீழ ஏன் அவருடைய பெயர்?"

மேலதிகாரியின் முகம் வெளிறிவிட்டது. இரண்டாமவர் சீனியில்லாத தேநீரை ஒரு மிடறு குடித்தார்.

"அவர் கையெழுத்து வைக்கிற தாளில பிழை இருக்கக்கூடாது. அதைப் பார்க்கிறதுதான் என்னுடைய வேலை. நல்லாய் நடந்தால் பெயர் அவருக்கு, பிழைச்சால் ஏச்சு எனக்கு."

"இது என்ன நியாயம், சேர்?"

"நியாயம் இல்லை, பதவி. நாளைக்கு அவருக்கு ஒண்டு நடந்தால், அடுத்த நிமிசம் அந்தக் கதிரையில நான் இருக்க வேணும். அதாலை அவர் வாசிக்காததையும் நான் வாசிச்சு வைக்க வேணும். இரண்டாவது ஆள் எண்டால் வாசிக்கிற ஆள். வேற ஒண்டும் பெரிசாய் இல்லை."

அவர் வாசிக்கிற விதத்தையும் சொல்ல வேண்டும். கோடு போடுகிற ஒரு மர அடிமட்டம் வைத்திருந்தார். அதை வரிக்குக் கீழே வைத்து, ஒரு வரி முடிந்ததும் ஒரு வரி கீழே இறக்குவார். மேலதிகாரி முழுப் பக்கத்தையும் ஒரு பார்வையில் முடித்துக் கையெழுத்து வைக்கிறவர். அந்த அடிமட்டம் நகர்வதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் எங்கள் பட்டியல் அதற்குக் கீழே வரப் போகிறது என்று எனக்குத் தெரியும்.

வந்தது. ஏழு வருட வெட்டு நாட்கள், நாற்பத்தொரு பெயர். எல்லாம் நான் அடித்த தாள்கள். ஒரு மணித்தியாலம் வாசித்தார். பிறகு சுவரில் இருந்த கலண்டரைக் கேட்டார். அது போதாது, பழைய வருடங்களின் கலண்டர்களும் வேண்டும் என்றார். அலுமாரியின் அடித்தட்டில் இருந்து எடுத்துக் கொடுத்தேன். பட்டியலில் ஒரு விரல், கலண்டரில் ஒரு விரல். போச்சுது, பிடித்துவிட்டார் என்று விளங்கியது. அரசாங்கத் தாளில் விளையாடியதற்கு என்னை மறியலில் அடைக்கவும் கூடும்.

"இதை ஆர் செய்தது?" என்று கேட்டார்.

மேலதிகாரி என்னைப் பார்த்தார். எனக்கு ஏறியதே ஒரு கோபம்!

"நான்தான் சேர்" என்று எழும்பினேன். "வெட்டச் சொன்னது உங்கட ஆக்கள். எந்த நாளில எண்டதை என்னட்டை விட்டவை. ஒரு நாள் சம்பளம் போனால் அந்த வீடுகளில ஒரு நாள் உலை ஏறாது. அதாலை பெருநாளில வெட்டினனான். பிழையெண்டால் என்னைப் பிடியுங்கோ. அவையை விடுங்கோ. அவைக்கு இது தெரியாது."

உண்மையில் அவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் உண்மை எதற்கு? என் ஆங்கிலமும் அன்று எங்கேயோ ஓடிப்போய்விட்டது. பாதி தமிழிலேயே கத்தினேன்.

இரண்டாமவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இரும்" என்று கதிரையைக் காட்டினார். இருந்தேன்.

"பெரிய வெள்ளியன்று நான் வேலைக்குப் போகவில்லை. தீபாவளியன்றும் போகவில்லை. ஒருத்தரும் என்னைக் கூப்பிடவும் இல்லை. அப்ப என்னுடைய சேவையும் அண்டைக்கு முறிஞ்சு போச்சுதா?"

நான் மேலதிகாரியைப் பார்த்தேன். மேலதிகாரி என்னைப் பார்த்தார்.

"விடுமுறை நாளில ஒரு ஆளை நிறுத்தி, அடுத்த வேலை நாளில சேர்த்தால், அவர் ஒரு வேலை நாளையும் விடவில்லை. இடைவெளி எங்க இருக்கு? இந்த ஆட்கள் ஏழு வருசம் விடாமல் வேலை செய்திருக்கினம். ஐந்து போதும். இவையை நிறுத்த ஏலாது. நிரந்தரமாக்கத்தான் வேணும்."

எனக்கு விளங்க ஒரு நிமிடம் எடுத்தது. என் மாதாவே! ஒரு நாள் சம்பளத்தைக் காப்பாற்ற நான் செய்த கள்ளத்தனம், வெட்டே இல்லாத வெட்டாக இருந்திருக்கிறது. மேசையில் அடித்துக் கத்த வேண்டும் போல் இருந்தது. காக்காவின் முகம் கண்ணுக்குள் வந்தது.

அடிமட்டம் இன்னும் நகர்ந்துகொண்டிருந்தது. கடைசி வரியில் வந்து நின்றது.

"இது ஆர்? மூண்டு வருசமாய் ஞாயிற்றுக்கிழமையில வெட்டியிருக்கு. ஆறு தரமும்."

அது நான்.

முந்தி ஞாயிறு விடுமுறையாக இருந்தபோது என் வெட்டு நாளை ஞாயிறில் போட்டு வந்தேன். பிறகு போயா விடுமுறை வந்து ஞாயிறு வேலை நாளாயிற்று. எங்களைப் போன்ற வேதக்காரருக்கு அது பெரிய இடைஞ்சல். விடியப்புறப் பூசையைப் பாதியில் விட்டுவிட்டுச் சைக்கிளில் வேலைக்குப் பறக்க வேண்டும். மனைவியோ என்னோடு கோயில் வாங்குப் பலகையில் இருந்து பாட்டுப் பூசை முழுவதும் காண வேண்டும் என்று நச்சரிப்பாள். வருடத்தில் இரண்டு ஞாயிறாவது போகட்டும் என்று என் வெட்டு நாளை மட்டும் ஞாயிறிலேயே விட்டுவைத்தேன். எல்லாருக்கும் விடுமுறையைப் பார்த்துப் பார்த்துப் போட்டவன், எனக்குப் பூசையைப் பார்த்துப் போட்டேன்.

நான் இதைச் சொல்ல, இரண்டாமவர் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு கலண்டரை எடுத்து அந்த ஆறு ஞாயிறையும் ஒவ்வொன்றாகத் தேடினார். போயாவாக இருக்காதா, வேறு ஏதாவது விடுமுறையாக இருக்காதா என்று இரண்டு தரம் பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். ஒன்றுமே இல்லை. ஆறும் வெறும் வேலை நாள்.

"இது உண்மையான இடைவெளி" என்றார்.

"ஓம், சேர்."

"நாற்பது பேருக்கு எழுதலாம். உமக்கு எழுத ஏலாது. ஒரு பெயர் பொய்யெண்டு கண்டால் கொழும்பில நாற்பதையும் சேர்த்துக் கிழிச்சுப் போடுவினம்." அடிமட்டத்தை எடுத்து ஓரத்தில் வைத்தார். "வேற ஆளை வைச்சு அடிப்பிக்கட்டா?"

"வேற ஆள் அடிச்சால் பிழை வரும், சேர்" என்றேன்.

அடித்தேன். என் மேலேயே எனக்கு வந்த கோபத்தில் முற்றுப்புள்ளிகள் தாளை ஓட்டை போட்டன. காக்காவின் பெயரை அடித்தேன், படகோட்டிகளின் பெயர்களை அடித்தேன், நாற்பதாவது பெயரை அடித்துவிட்டுக் கோடு போட்டேன். கீழே தளபதியின் பெயரை அடிக்கப் போனபோது இரண்டாமவர் நிறுத்தினார்.

"இதுக்கு என்னுடைய பெயரைப் போடும்."

"ஏன், சேர்?"

"அவருடைய பெயரில போனால் கையெழுத்து வைக்க முன்னம் பத்துப் பேரைக் கேட்பார். பத்தில ஒருத்தர் வேண்டாம் எண்டுவார். என்னுடைய பெயரில போனால் என்னை மட்டும் கூப்பிட்டு ஏசுவார். ஏச்சு வாங்குறதும் இந்தப் பதவியில சேர்த்தி."

கையெழுத்து வைத்தார். சின்னக் கையெழுத்து; ஒவ்வொரு எழுத்தும் வாசிக்கக்கூடியதாக இருந்தது. பின்னேரம் போய்விட்டார். போகும்போது கைகுலுக்கவில்லை. என் பக்கம் ஒரு தரம் தலையை அசைத்தார்.

வீட்டுக்கு வந்து மனைவிக்குச் சொன்னேன். முதலில் ஏசினாள். "ஊருக்கெல்லாம் பெருநாள் பார்த்துப் போட்ட விசரன், தனக்குப் போட ஒரு போயா கிடைக்கேல்லையாக்கும்" என்றாள். நானும் பதிலுக்குச் சத்தம் போட்டேன். அவள் குசினிக்குள் போய்விட்டாள். எட்டிப் பார்த்தேன்; அடுப்படியில் இருந்து அழுதுகொண்டிருந்தாள்.

"பூசைக்கு வாங்கோ வாங்கோ எண்டு ஆய்க்கினை பண்ணினது நான்தானே."

"உன்னாலை இல்லை. ஞாயிறுக்கு நான் ஆசைப்பட்டனான்" என்றேன். அது பொய் இல்லை. அந்த ஆறு ஞாயிறும் நான் நிறைந்த மனத்தோடு இருந்த நாட்கள்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் சொன்னாள்: "சரி, நாப்பது வீட்டில அடுப்பு எரியும். எங்கட அடுப்புக்கு வேற வழி பார்ப்பம்."

மாத முடிவில் கேற்றில் பாஸைக் கொடுத்தேன். இந்த முறை அடுத்த நாள் புது ஆளாகச் சேர்க்க ஒருவரும் கூப்பிடவில்லை. கடைத்தெருவில் மூன்று நான்கு இடத்தில் வேலை கேட்டேன். ஒரு கடைக்காரர், உமக்குக் கோபம் வருமாமே என்று கேட்டார். வராது என்று கோபமாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

இரண்டு கிழமையில் நாற்பது பேருக்கும் நிரந்தரக் கடிதம் வந்துவிட்டது என்று கேள்விப்பட்டேன். சந்தோசப்பட்டேன். முழுச் சந்தோசம் என்று சொன்னால் என் மனைவியே நம்ப மாட்டாள். உள்ளே எங்கேயோ ஒரு முள் இருந்தது. நாற்பது பேரில் ஒருவர்கூட வந்து எட்டிப் பார்க்கவில்லையே என்று நினைத்தேன். வாய்விட்டும் சொன்னேன், நல்ல சத்தமாக.

அடுத்த போயா காலையில் வாசலில் சைக்கிள் மணி அடித்தது. காக்கா. அவருக்குப் பின்னால் ஐந்தாறு பேர். அவருடைய சைக்கிள் கரியரில் ஒரு தட்டெழுத்து இயந்திரம், உடுக்கிற சாரத்தால் சுற்றிக் கயிற்றால் கட்டியிருந்தது.

"என்ன காக்கா இது?"

"தட்டச்சுப் பள்ளிக்கூடத்தில இரவல் வாங்கின. பின்னேரம் குடுக்கணும். உள்ளுக்க விடுங்க தம்பி, பாரமா இரிக்கி."

மேசையில் வைத்தார்கள். பிறகு ஒரு தாளை எனக்கு முன்னால் விரித்தார். கையால் எழுதிய ஒரு மனு. கீழே நாற்பது பெயர். கையெழுத்துகள், பெருவிரல் அடையாளங்கள். கந்தோருக்குள் மனுவோடு திரியக் கூடாதாம்; அந்தப் பெயர்களைச் சேர்க்க ஒரு கிழமையாக வீடு வீடாகத் திரிந்திருக்கிறார்கள். லோஞ்சுப் படகில் மூதூருக்குப் போயிருக்கிறார்கள், பஸ்சில் நிலாவெளிக்குப் போயிருக்கிறார்கள். ஒருவன் காய்ச்சலில் படுத்திருந்தானாம். படுக்கையிலேயே விரலை மையில் தோய்த்து எடுத்து வந்தார்களாம்.

மேலதிகாரிதான் வழி சொன்னாராம். அந்தப் பயந்த மனிதர் இவர்களைப் பக்கத்தில் கூப்பிட்டு, அன்றாடச் சம்பளக்காரரின் மனுவைத் தலைமைக் கந்தோரில் குப்பையில் போடலாம், நிரந்தர ஊழியரின் மனுவுக்கு மறுமொழி எழுதியே ஆக வேண்டும், அதுவும் விதி என்று காதுக்குள் சொல்லியிருக்கிறார். நிரந்தரமான இந்த நாற்பது பேரும் எழுதிய முதல் மனு அது. சம்பளம் கூட்டிக் கேட்கவில்லை, விடுதி கேட்கவில்லை. எங்கள் கந்தோருக்குத் தட்டெழுத்தாளர் வேண்டும், அந்த இடத்தில் என்னையே நிரந்தரமாக எடுக்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள்.

பேச வராதபோது எனக்கு வருவது கோபம்தானே.

"இதை நான் அடிக்கிறதோ? என்ர பெயரை நானே அடிச்சு எனக்கு வேலை கேக்கிறதோ? வெக்கமில்லையோ?"

"தலைமைக் கந்தோருக்கு அடிச்சுத்தான் அனுப்பணுமாம். எங்களுக்கு அடிக்கத் தெரியாது. வேற ஆர் இரிக்காங்க?"

"ஏலாது, காக்கா."

காக்கா கதிரையை இழுத்து எனக்கு முன்னால் இருந்தார். "தம்பி, எங்கட பேரையெல்லாம் அடிக்கக்குள்ள எங்களுக்கிட்டக் கேட்டா அடிச்சீங்க? இப்ப உங்கட பேரைப் போட நாங்களும் கேக்க மாட்டம். அடிங்க."

குசினி வாசலில் மனைவி நின்றாள். "அடியுங்கோவன், தேத்தண்ணி ஆறுது" என்றாள்.

அடித்தேன். இந்தத் தரம் பிழை என் கையாலேயே வந்தது. ஒரு தாள் பிழைத்துப்போய்க் கிழித்துவிட்டு இரண்டாம் தாளில் அடித்தேன்.

இரண்டாமவரின் மறுமொழி மூன்று கிழமையில் வந்தது. வழக்கம்போல் தளபதியின் பெயரில்தான். ஆனால் எழுதியது யார் என்று முதல் வரியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. என்னைப் பற்றி இப்படி எழுதியிருந்தது: இவருடைய பழைய சேவையைக் கணக்கில் எடுக்க இயலாது. ஆயினும் இடம் வெற்றாக இருப்பதாலும், நாற்பது ஊழியர் கேட்டிருப்பதாலும், இவரைப் புதிய நிரந்தர ஊழியராக, மூப்புப் பட்டியலில் நாற்பத்தோராவது ஆளாகச் சேர்க்கலாம். கடைசியில் இன்னொரு வரி: ஞாயிற்றுக்கிழமைகளில் இவர் பூசை முடிந்து வரலாம், அந்த நேரத்துக்கு ஈடாகப் பின்னேரம் நின்று வேலை செய்ய வேண்டும். மனைவி அந்த வரியை என்னிடம் மூன்று தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டாள்.

சேர்ந்த அன்று காலை கந்தோர் வாசலில் புதுப் பதிவேட்டில் கையெழுத்து வைக்க வரிசை நின்றது. ஏழு வருடம் பழகிய பழக்கத்தில் நான் நேரே முன்னால் போய் நின்றேன். காக்கா என் முழங்கையைப் பிடித்தார்.

"எங்க தம்பி போறீங்க? மூப்புப்படிதான் வரிசை. நீங்க நேத்து வந்த ஆள். பெரியாக்களுக்கு வழி விடுங்க."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் ஒரு சொட்டுக் கோபம் வரவில்லை. அன்று அது எங்கே போயிற்றோ தெரியாது. ஒதுங்கி நின்று வழி விட்டேன். படகோட்டிகள் போனார்கள், சாயம் பூசுகிறவர்கள் போனார்கள், கூட்டுகிறவர்கள் போனார்கள். போகிறவர்கள் எல்லாரும் என் தோளில் ஒவ்வொரு தட்டுத் தட்டினார்கள். நாற்பதாவது ஆள் தட்டியபோது தோள் நன்றாக நொந்தது. கண் கலங்கியது அதனால்தான் என்று வீட்டில் சொன்னேன். மனைவி நம்பவில்லை.